பழைய ட்ரான்ஸ்போமர் ஒயிலை வெல்டிங் பிளான்ட்டுக்கு ஊத்தாதீங்க

திருகோணமலைப் பக்கம் கேட், கிரில் அடிக்கிற கடைகளுக்கு கறண்ட் வேலைக்குப் போகக்குள்ள நான் முதல்ல பாக்கிறது அந்தப் பழைய ஒயில் வெல்டிங் பிளான்ட்டைத்தான், சூடு ஆற உள்ள ஒயில் ஊத்தி வைக்கிற மெசின் அது. மூடியைக் கழட்டினா உள்ள கறுத்துப்போன ஒயில், லூசான வயரைப் பிடிக்க வேலை பழகுற பொடியன் முழங்கை வரைக்கும் கையை விடுவான், பிறகு சாரத்தில துடைச்சிட்டு அதே கையோட தேத்தண்ணி குடிப்பான். ஒயில் எங்க வாங்கினது எண்டு கேட்டா, "பழைய இரும்பு யாவாரிட்ட அண்ண, ட்ரான்ஸ்போமர்ல இறக்கினதாம், மலிவு".

அந்த மலிவுதான் எனக்குப் பயம். முந்தின காலத்து ட்ரான்ஸ்போமர், கபாசிட்டர் கனக்கத்தில பிசிபி எண்ட கெமிக்கல் போட்டாங்க, லேசில தீப்பிடிக்காது, நல்ல இன்சுலேஷன், வருசக்கணக்கில கெடாது. அந்தக் கெடாத குணமே வினையாப் போச்சு, உடம்புக்குள்ள போனா கொழுப்பில தங்கிடும், தாய்ப்பால்லயும் வரும், நிலத்தில ஊத்தினா மழையோட வாய்க்கால் வழியா குடாவுக்குப் போய் நாங்க தின்னுற மீன்ல சேரும். 1968ல ஜப்பான்ல தவிட்டு எண்ணெயில இது கலந்து ஆயிரக்கணக்கான சனம் நோயில விழுந்தது. புற்றுநோய் வரும் எண்டதும் 2013ல உறுதியாச்சு.

இப்பிடி லேசில அழியாத விஷங்களை ஒழிக்கிறதுக்கான உலக ஒப்பந்தம் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, அதில இலங்கை 2005ல சேர்ந்தது. அதுப்படி பிசிபி உள்ள சாமான்களை 2025ஓட பாவனையில இருந்து எடுக்கணும், 2028க்குள்ள பாதுகாப்பா அழிக்கணும். நல்ல சட்டம்தான், ஆனா பழசு கழட்டுப்படக்குள்ள அதுக்குள்ள இருந்த ஒயில் எந்தப் பெரல்ல, யார்ட கடைக்குப் போகுது எண்டு பாக்காட்டி விஷம் இடம் மாறுமே தவிர இல்லாமப் போகாது.

நிறத்திலயோ மணத்திலயோ கண்டுபிடிக்க ஏலாது, லாப்ல டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். பிசிபி போடாத ட்ரான்ஸ்போமரும் தப்பாது, ஒயிலைச் சுத்தம் செய்யிற ஒரே ஃபில்டர் மெசினை ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் போட்டா கலந்திடும். ஒயிலை மாத்தினாச் சரிதானே எண்டு கேக்கிறாங்க, சரியில்ல, உள்ள இருக்கிற வயர் கொயில்லயும் இன்சுலேஷன் பேப்பர்லயும் ஊறினது புது ஒயிலுக்குள்ள திரும்ப இறங்கும்.

கையில பட்டா சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, தின்னர், பெற்றோல் வேண்டாம். புதுசு வாங்கிறதெண்டா இன்வேர்ட்டர் பிளான்ட் வாங்குங்க, ஒயிலே தேவையில்ல. பழைய ஒயிலை எரிக்காதீங்க, அரைகுறையா எரிஞ்சா டயொக்சின், ஃபியூரான் எண்ட விஷங்கள் வரும், அது பிசிபியை விட மோசம். வாய் மூடின பெரல்ல வச்சு மேல எழுதி ஒட்டிட்டு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அறிவியுங்க, இரும்பு யாவாரி காசு தாறன் எண்டாலும் குடுக்காதீங்க.