சங்கத்து இணையதளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். முதல் நாள்தான் பொன்விழா நடந்திருக்கிறது. விழா மலரின் பின்னட்டையில் சங்கத்து இணையதள முகவரியும் கியூஆர் குறியும் அச்சாகியிருந்தன. மண்டபத்தில் மலரை வாங்கியவர்கள் அந்தக் குறியைக் கைபேசியில் காட்டியபோது, பழைய மாணவர் படங்களுக்குப் பதிலாகச் சூதாட்ட விளம்பரம் திறந்திருக்கிறது. “யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார்” என்றார் அவர். யாரும் ஹேக் செய்யவில்லை. டொமைனை, அதாவது இணையதளத்தின் பெயரை, புதுப்பிக்காமல் விட்டதால் அது ஏலத்தில் வேறொருவர் கைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். இந்த ஆண்டில் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது சங்கம் இது என்பதால், நேரில் சொல்லிச் சலித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தளத்தை மூவர் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். அப்போதைய பொருளாளரின் மகன் நிரல் எழுதினான், அவனுடைய வகுப்புத் தோழன் பக்கங்களை வடிவமைத்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய பிரதியைப் பார்த்தேன், நன்றாகவே செய்திருந்தார்கள். சங்கமும் 15,000 ரூபாயும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பியது. ஆனால் டொமைனை ஐந்தாண்டுகளுக்குப் பதிவு செய்தபோது நிரல் எழுதிய பையன் தன் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தான். படிப்பு முடிந்த அடுத்த ஆண்டு கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டது. அதன்பின் வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாராலும் திறக்க முடியாத பெட்டிக்கே போயின.

“பணம் கொடுத்து வாங்கிய பெயர் சார், அது எப்படி இன்னொருத்தருக்குப் போகும்?” என்று செயலாளர் மூன்று முறை கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான், என் பொறுமையைச் சோதிப்பதும் இதுதான். டொமைனை யாரும் வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் எடுக்கவும் முடியாது. குத்தகை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாட்களுக்குள்ளும் டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அந்த நினைவூட்டல் போவது பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான், சங்கத் தலைவர் வீட்டுக்குத் தபாலில் வராது. அதன்பின் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கலாம் என்றாலும், பல நிறுவனங்கள் அதற்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. ஏலம் போகாமல் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாட்கள் உண்டு. அதுவும் கழிந்து ஐந்து நாட்களில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். சங்கத்துக்கு ஐம்பது வயது என்பதோ, பெயர் கல்வெட்டில் இருக்கிறது என்பதோ இந்தக் கணக்கில் சேராது.

நிரலின் கதையும் அப்படியே. கூலி கொடுத்துவிட்டால் நிரல் நமக்குச் சொந்தம் என்று சங்கங்கள் நம்புகின்றன. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. ஊழியராக அல்லாமல் ஒப்பந்த வேலையாகச் செய்து கொடுத்தவரே பொதுவாக நிரலின் முதல் உரிமையாளர். உரிமை கைமாற வேண்டுமானால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஒரு பக்கக் கடிதம் போதும், அதையும் யாரும் கேட்பதில்லை. இணையதளம் அமைக்கும் எங்கள் தொழிலிலும் யோக்கியர்கள் மட்டும் இல்லை. “வசதிக்காக” டொமைனைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு, பராமரிப்புக் கட்டணத் தகராறு வரும்போது அதையே பிடிமானமாக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறிய குழு என்பது குற்றமில்லை. இரண்டு மூன்று பேர் மனம் ஒத்து வேலை செய்தால் பெரிய நிறுவனத்தைவிட விரைவாகவும் சிக்கனமாகவும் முடிப்பார்கள். ஆனால் அந்த மூவரும் ஒருநாள் வேலை கிடைத்தோ கல்யாணமாகியோ வெளியூர் போவார்கள். சங்கம் அங்கேயேதான் இருக்கும். ஆகவே டொமைன் கணக்கையும், தளத்தின் கோப்புகளுக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கையும் சங்கத்தின் பதிவுப் பெயரில் திறந்து, சங்கத்து வங்கிக் கணக்கிலிருந்தே பணம் கட்டுங்கள். நிரல் எழுதுபவருக்குத் தனி அனுமதி கொடுங்கள், உரிமையாளர் கணக்கைக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்குக்குத் தரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் முடங்கும், மீட்பதற்கான கடிதம் வந்து சேர வழியிருக்காது. இதில் கைதேர்ந்தவர்களே சறுக்கியிருக்கிறார்கள். ஓடிபி யாருடைய கைபேசிக்குப் போகிறது என்பதைப் பொறுப்பாளர் மாறும் பொதுக்குழுவிலேயே மாற்றி, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். பீரோ சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இது புதிய பழக்கமில்லையே!

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் “சர்வரிலேயே இருக்கிறது” என்று பதில் வருகிறது. சர்வர் போனால் எது மிஞ்சும்? வேறொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

உறுப்பினர்களின் கைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றை எவரும் திறக்கக்கூடிய பக்கத்தில் போடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தனியாக வாழும் மூத்த உறுப்பினர்களை மோசடிக்காரர்கள் பெயர் சொல்லி அழைக்க அந்தப் பட்டியலே வழிகாட்டியாகிவிடுகிறது.

இன்று மாலையே உங்கள் சங்கத்து டொமைனை, பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் இட்டு, முடிவு நாளையும் பதிவு நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தவரின் பெயர் அங்கே பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால், கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதே ஒரே வழி. நுழைய முடியவில்லை என்றால், தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே அந்தப் பழைய தம்பியைத் தேடிப் பிடியுங்கள்.

அந்த முன்னாள் மாணவர் சங்கம் ஏலத்தில் எடுத்தவரிடம் விலை கேட்டது. அவர் சொன்ன தொகை பொன்விழாச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். வேறு பெயரில் புதிய டொமைன் எடுத்துக் கொடுத்தேன். விற்காமல் மிஞ்சிய மலர்ப் பிரதிகளின் பின்னட்டையில் புதிய முகவரி அச்சிட்ட துண்டுச் சீட்டை இப்போது உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.