15 பவுண்டு போதாது: ஆலோசகராகப் போக நினைக்கும் மருத்துவர்களுக்கு

"சார், டூட்டி பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. உங்களை மாதிரி கன்சல்டிங் பக்கம் வந்துடலாமா?" ஜூனியர்களிடமிருந்து இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கோத்தகிரியில் பல வருடம் ஓ.பி.யும் வார்டும் பார்த்துவிட்டு, இன்று மலையிலும் மேட்டுப்பாளையம் பக்கமும் உள்ள சிறிய மருத்துவமனைகளுக்கு, நோயாளி பார்க்க அல்ல, நிர்வாகத்தையும் நடைமுறைகளையும் சீர்செய்து கொடுக்கும் ஆலோசகராகப் போய்க்கொண்டிருப்பவன் நான். வரலாம் என்பதுதான் என் பதில். எதற்காக வருகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் அதன் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தாயிற்று. ஆனாலும் எஸ்டேட் பக்கத்துச் சனம் அவசரத்துக்கு முதலில் ஏறுவது பக்கத்து ஊரில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் படியில்தான். அங்கே பெரும்பாலும் டாக்டரும் முதலாளியும் மேனேஜரும் ஒரே ஆள். தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டம் 1997, அதற்கான 2018 விதிகள், 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், என்.ஏ.பி.எச். எனும் மருத்துவமனைத் தரச் சான்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் க்ளெய்ம் என்று எல்லாமே அவர் மேசையில் குவிகின்றன. சிரிஞ்சையும் ஊசியையும் எந்த நிறப் பையில், எந்த டப்பாவில் போடுவது என்பதில் தொடங்கி, கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது வரை அவர்தான் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் கழிவு வண்டி வராது. அப்போது என்ன செய்வது என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதிய கோப்பில் ஒரு வரிகூட இருக்காது.

ஆலோசகர் என்பவர் எங்கே தேவைப்படுகிறார் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை, தரச் சான்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் அழகாக பைண்ட் போட்டுக் கொடுத்திருந்த நடைமுறைக் கையேட்டில், ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்) பற்றிய பக்கத்தில் இப்படி இருந்தது: 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 20 நிமிடம். புத்தகத்தில் இருப்பது அதேதான். சென்னையில் அது சரி, ஊட்டியில் தப்பு.

காரணம் எளிது. மெஷினின் அழுத்த மீட்டர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளே எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டும்தான். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதனுடன் 15 சேர்ந்து ஏறக்குறைய 30 ஆனால்தான் நீராவி 121 டிகிரியைத் தொடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்று சுமார் 11 பவுண்டுதான். மீட்டரில் 15 காட்டும்போது உள்ளே மொத்தம் 26, நீராவி 117 டிகிரி பக்கம்தான் நிற்கும். 121 வேண்டுமானால் மீட்டரில் 18-க்கு மேல், ஏறக்குறைய 18.5 வர வேண்டும். குன்னூருக்கு இதைவிடச் சற்றுக் குறைவு, கூடலூர் இன்னும் தாழ்வு என்பதால் அங்கே 17-க்குள் போதும். வெப்பநிலையை நேரடியாக அளந்து ஓடும் புது மெஷின்களில் இந்தச் சிக்கல் இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகளில் இருப்பது பெரும்பாலும் மூடி போட்டுத் திருகும் செங்குத்து ரகம், மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுவது. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே அறிவு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுவிடுகிறது.

இதற்கு வால்வில் எடை ஏற்றுவது தீர்வல்ல, அது ஆபத்து. அந்த மெஷினின் பாதுகாப்பு வால்வு எத்தனை பவுண்டில் திறக்கும் என்று தயாரித்த கம்பெனியிடம் கேட்டு, அவர்கள் ஆளை வைத்தே சரிசெய்ய வேண்டும். உள்ளே வைக்கும் ஒவ்வொரு கருவிப் பண்டிலுக்குள்ளும் நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டை வைக்க வேண்டும், குறித்த இடைவெளியில் கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் சோதனையும் செய்ய வேண்டும். மீட்டர் பொய் சொன்னாலும் இவை சொல்லாது.

ஆக்சிஜனுக்கும் இதே கதை. நோயாளி மோசமாகிறாரா என்று புள்ளி போடும் நியூஸ்-2 அட்டவணை, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94, 95 சதவீதம் இருந்தால் ஒரு புள்ளி, 92, 93 இருந்தால் இரண்டு புள்ளி என்கிறது. மலையில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஓரிரு எண் குறைந்து காட்டுவது சகஜம். அட்டவணையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இங்கே வசிப்பவரின் வழக்கமான அளவு என்ன என்று தெரிந்து, அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வார்டில் நின்ற வருடங்கள் இங்கேதான் கை கொடுக்கின்றன. மருந்துகளின் பெயரும் டோஸும் இந்த வேலைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அச்சடித்த தாளைப் பார்த்து, "இது இங்கே நடக்குமா?" என்று சந்தேகப்படத் தெரிந்திருப்பதுதான் சரக்கு. அது எம்.பி.ஏ. வகுப்பில் கிடைப்பதில்லை.

ஆனால் ஒரு பழக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். நம்மைப் பழக்கியதே "நீ போய் செய்" என்றுதான். ராத்திரி நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தால் நாமே ஈ.சி.ஜி. பார்ப்போம், ஊசி போடுவோம், கீழே போன் போட்டு ஏற்றி அனுப்புவோம். ஆலோசகருக்கு அந்த ராத்திரியில் அங்கே இடமில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஸ்டாக்கில் இருக்கிறதா, காலாவதித் தேதியை யார் பார்க்கிறார், வண்டியில் கூடப் போவது யார், மரம் விழுந்து கோத்தகிரி ரோடு அடைபட்டால் குன்னூர் வழியாகத் திருப்புவதை யார் முடிவு செய்வது என்பதையெல்லாம் பகலிலேயே கேட்டு முடித்திருக்க வேண்டும். நாம் இல்லாதபோதும் அது ஓட வேண்டும். கெட்டிக்கார டாக்டர்கள் பலருக்கு இது ஒத்துவருவதில்லை. நடுவில் புகுந்து தாங்களே செய்து முடித்துவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

கேட்க வேண்டிய ஆளும் மாறுகிறார். முதலாளி அறையில் டீ குடித்துக்கொண்டே எழுதும் அறிக்கை எதற்கும் உதவாது. ஒரு வார்டில் மணிக்கொரு முறை நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று, ஒரு விடுபடலும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. "சிஸ்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யார் எழுதறாங்க?" என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கா? காலைல டூட்டி மாறும்போது மொத்தமா எழுதிடுவோம் சார்" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல். ஒரே சிஸ்டர், இருபது படுக்கை. அவரைத் திட்டி என்ன பயன்? மோசமான நோயாளிகளுக்கு மட்டும் மணிக்கொரு முறை, மற்றவர்களுக்கு நான்கு மணிக்கொரு முறை என்று படிவத்தை மாற்றினோம். இப்போது அதில் அங்கங்கே அடித்தல் திருத்தல் இருக்கிறது. உண்மையாக எழுதப்படுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

நோயாளியை விட்டுப் போவது துரோகம் என்று பேசுகிறவர்களிடம் கூடலூரைத்தான் காட்டுவேன். 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையின் ஆரம்பகால மருத்துவர்களில் ஒருவர் டாக்டர் என். தேவதாசன். 1992-ல் அங்கே ஆதிவாசிக் குடும்பங்களுக்கென்றே சமூகக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பிற்பாடு அவர் காப்பீடு, சுகாதார அமைப்பு பற்றிய ஆய்வுக்குள் இறங்கி, பெங்களூரில் பொதுச் சுகாதார நிறுவனம் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதும் மருத்துவரின் கேள்விதான்.

பண விஷயத்துக்கு வருவோம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நோயாளியைப் பார்த்து வாங்கும் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்லி வாங்கும் கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மருத்துவமனையின் சிகிச்சைச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், நாம் போடும் வரியை அவர்களால் பொதுவாகக் கழித்துக்கொள்ள முடியாது, அது அவர்கள் கையிலிருந்து போகும் காசு. ஆகவே தொகை பேசும்போதே வரி உட்படவா, தனியா என்று பேசிவிடுங்கள். பில் கொடுத்த பிறகு பேசினால் மனஸ்தாபம். தவணையையும் "சான்று வந்ததும்" என்று கட்டாதீர்கள். சான்று கொடுப்பது நம் கையில் இல்லை, அப்படிக் கட்டினால் பழைய தேதி போட்டு மீட்டிங் மினிட்ஸ் தயாரிக்கச் சொல்லும் நாள் வரும். எம்.டி. என்ற எழுத்துகள் நம் பெயருக்குப் பின்னால் இருப்பதால், அந்தப் பொய்த் தாளுக்கு மதிப்புக் கூடுகிறது என்பதையும் யோசியுங்கள்.

இன்னொரு வலை கமிஷன். "கேஸ் வரத்தைக் கூட்டிக் கொடுங்க டாக்டர்" என்று ஒரு முதலாளி கேட்டார். விசாரித்தால், தனியார் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் கிராமத்து கிளினிக்குக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டுத் தர வேண்டுமாம். நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளில் தடுக்கப்பட்டவை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் நம் பெயர் இருக்கும்வரை, ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொண்டாலும் அந்த விதி நம்மை விடாது. நெஞ்சுவலிக்காரர் பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி 50 கிலோமீட்டர் மலை இறங்குவது இப்படிப்பட்ட பட்டியல்களால்தான் என்பது என் சொந்தக் கருத்து.

படிப்பு பற்றிச் சுருக்கமாக: சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. அவசரமில்லை, முதலில் இரண்டு வேலை செய்து பாருங்கள், எதைப் படிக்க வேண்டும் என்று தானாகத் தெரியும். மருத்துவக் கவுன்சில் பதிவை மட்டும் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓ.பி. பாருங்கள். நோயாளியைத் தொடாதவர் பேச்சைச் சிஸ்டர்கள் சீக்கிரம் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

அலுப்பினால் மட்டும் வருவதானால் வேண்டாம். இங்கேயும் ராத்திரிப் பயணம், வராத பணம், பிடிவாதக்கார முதலாளி எல்லாம் உண்டு. இப்போது இருக்கும் இடத்திலேயே ஒரு சின்னச் சிக்கலை எடுங்கள். டிஸ்சார்ஜ் சொன்ன பிறகு நோயாளி வீட்டுக்குக் கிளம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு மாதம் குறித்து, தாமதம் பார்மஸியிலா, பில்லிங்கிலா, சம்மரி எழுதாத டாக்டரிடமா என்று கண்டுபிடித்து மாற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் லீவு போடுங்கள். திரும்பி வரும்போது அந்த மாற்றம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், பேசலாம்.