பருத்திக் குருத்தில் நடக்கும் இழுபறி

பருத்திச் செடி ஒன்றைக் கீழிருந்து மேலாகக் கவனித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ஒன்றிரண்டு கிளைகள் நடுத்தண்டு மாதிரியே நிமிர்ந்து வளரும், அவற்றில் நேரடியாகப் பூ வராது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது கணு வாக்கில் வேறு வகைக் கிளை தொடங்கும். இது கோணல் மாணலாகப் போகும், கணுவுக்குக் கணு ஒரு சப்பை (பூமொட்டு) வைக்கும். நமக்குப் பஞ்சு தருவது இந்தக் காய்க்கிளைதான்.

அது ஏன் கோணலாகப் போகிறது? கிளையின் குருத்து கொஞ்சம் வளர்ந்ததும் பூவாக மாறி அதோடு முடிந்துபோகிறது, உடனே பக்கத்து இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டு வளர்ச்சியை எடுத்துக்கொள்கிறது, அதுவும் பூவாகி முடிய இன்னொன்று கிளம்புகிறது, இப்படியே நீள்கிறது. நடுத்தண்டின் குருத்து மட்டும் பூவாக மாறுவதே இல்லை. ஒரே செடி, எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள். அப்படியிருக்க ஒரு குருத்து பூவாகிறது, இன்னொன்று வளர்ந்துகொண்டே போகிறது. எப்படி?

இதற்கான பதிலில் பெரும்பகுதி பிஇபிபி என்ற ஒரு மரபணுக் குடும்பத்துக்குள் இருக்கிறது. அதில் இரண்டு பேர் முக்கியம். ஒன்று எஸ்எஃப்டி, பூக்கச் சொல்வது. மற்றது எஸ்பி, பூக்காமல் வளரச் சொல்வது. எஸ்எஃப்டி மரபணு தரும் புரதம் இலையில் உருவாகி, சர்க்கரை பயணிக்கும் அதே குழாய்கள் வழியாகக் குருத்துக்குப் போகிறது. இலையிலிருந்து குருத்துக்கு ஏதோ ஒரு செய்தி போகிறது என்று ரஷ்ய அறிவியலாளர் சைலாக்யான் 1930களிலேயே சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்துவிட்டார். அது இந்த வகைப் புரதம்தான் என்று உறுதிப்பட 2007 வரை ஆனது.

குருத்துக்குள் போனபின் அது தனியாக வேலை செய்யாது. எஃப்டி (FD) என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்துதான் பூவை உருவாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. எஸ்பியும் அதே கூட்டாளியைத்தான் பிடிக்கும், பிடித்தால் அந்த மரபணுக்கள் அடங்கிவிடும். ஆக, எந்தக் குருத்தில் எது அதிகம் என்பதே கேள்வி. எஸ்பி ஓங்கினால் தண்டு, எஸ்எஃப்டி ஓங்கினால் பூ. இவ்வளவு எதிரான வேலை செய்தாலும் இரண்டும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இவற்றின் இணைகளை வைத்து 2005இல் செய்த சோதனையில், ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதுமே தடுப்பது தூண்டுவதாகவும் தூண்டுவது தடுப்பதாகவும் மாறத் தொடங்கின. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த சோதனை இதுதான்.

பருத்தியிலும் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், பருத்தி இலையைச் சுருட்டும் ஒரு வைரஸின் நோய் தரும் தன்மையைக் குறைத்து, அதையே மரபணுவைக் கொண்டுபோகும் வண்டியாக்கினார்கள். எஸ்பியை அடக்கியபோது, பூவாகவே மாறாத நடுத்தண்டுக் குருத்தும் பூவாகி முடிந்தது. பூக்கத் தூண்டும் மரபணுவை ஏற்றி அனுப்பியபோது, பகல் குறுகினால் மட்டுமே பூக்கும் பழைய ரகங்கள் நீண்ட பகலிலும் பூத்தன. இதன் பயன் பெரிது. நாம் பயிரிடும் பருத்தியின் முன்னோர் நடு அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிகள், குறுகிய பகலுக்குக் காத்திருப்பவை. உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துத்தான் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்கள் வந்தன. காட்டுப் பருத்தியில் இருக்கும் நல்ல குணங்களைப் பயிருக்குள் கொண்டுவர இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும், அதற்கு இந்த வழி உதவும்.

சரி, இரண்டு மரபணுதானே, மாற்றிவிடலாம் என்றால் அங்கே ஒரு சிக்கல். உலகில் அதிகம் விளையும் பருத்தியில் 52 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க-ஆசிய வகை ஒன்றும் அமெரிக்க வகை ஒன்றும் சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து உருவான செடி அது, இரண்டின் மரபணுத் தொகுதியும் உள்ளே முழுதாக இருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பருத்தியின் மூதாதையில் மொத்தத் தொகுதியும் ஐந்தாறு மடங்கு பெருகியிருக்கிறது. அதனால் அரபிடாப்சிஸில் 6 பேர் மட்டுமே உள்ள பிஇபிபி குடும்பம் பருத்தியில் இன்னும் பெரிது. இரண்டு தொகுதியும் இருப்பதால், ஒரு மரபணுவின் ஒரு நகல் பழுதானால் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், ஆராய்ச்சியாளர் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கும். பூப்பதில் பங்குள்ள மேட்ஸ்-பாக்ஸ் போன்ற மற்ற மரபணுக் குடும்பங்களுக்கும் இதே கதைதான்.

எஸ்பியை முழுதாக நிறுத்தினால் செடி சீக்கிரமே முடிந்துபோகும், காயும் குறையும். இயற்கையாகவே அந்த மரபணு மாறிய நீண்ட இழைப் பருத்தி ரகங்கள் உண்டு: கிளை நீளாது, தண்டை ஒட்டியே காய் பிடிக்கும், நெருக்கமாக நடலாம், இயந்திரத்தால் எடுக்கவும் வசதி. அவற்றில் நடுத்தண்டு மட்டும் வழக்கம்போல வளர்கிறது. எனவே எந்த நகலை எவ்வளவு அடக்கினால் கிளை குட்டையாகி நடுத்தண்டு தப்பும் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. அதுவரை தமிழ்நாட்டில் பதினைந்தாம் கணுவுக்கு மேல் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளுகிறார்களே, எஸ்பி வளரவிடும் அந்தக் குருத்தைத்தான் கையால் நிறுத்துகிறார்கள்.