குவிய வலிப்பா, ஓரிட வலிப்பா?

மூளைக்கட்டி உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தமிழில் எழுதுகிற குறிப்புகளில் ‘குவிய வலிப்பு’ அடிக்கடி கண்ணில் படுகிறது. இன்னும் மோசமாக, ‘குவியக் கால்-கை வலிப்பு’. மூளையில் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பை ஆங்கிலத்தில் ஃபோகல் சீஷர் என்பார்கள்; அதற்கு இப்படி ஒரு தமிழ். வீட்டில் நோயாளியோடு இருக்கும் யாருக்கு இது புரியும்?

வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பதும் இதே வலித்தல்தான். வலிப்பு நோயைக் குறிக்கும் எபிலெப்சி என்ற சொல்லின் கிரேக்க வேருக்கும் ‘பிடித்துக்கொள்வது’ என்றே பொருள். வலிப்பு நோய்க்குத் தமிழில் முயலகன் என்ற பெயரும் உண்டு. கொல்லி மழவன் மகளின் முயலகனைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பாடித் தீர்த்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. கால் கை வலிப்பு மருவிக் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். சரி, வேர் இவ்வளவு போதும்.

குவியம் இயற்பியல் பாடத்துச் சொல். வில்லையில் புகுந்த ஒளிக்கதிர்கள் வந்து கூடும் புள்ளி அது. வலிப்பில் எதுவும் எங்கிருந்தும் வந்து கூடுவதில்லை. மூளையில் ஓரிடத்து நரம்பணுக்களின் மின்செயல் தறிகெட்டு அங்கேயே நிற்கும், அல்லது அங்கிருந்து பரவும். திசையே தலைகீழ்! அகராதியில் ஃபோகஸ் என்று தேடி முதலில் கிடைத்ததை ஒட்டவைத்தால் இப்படித்தான் ஆகும். ‘பகுதி வலிப்பு’ என்ற பழைய பெயரும் உதவாது. அரைகுறையாக வந்தது, லேசானது என்று நினைக்க வைக்கும். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகமே 2017 வகைப்பாட்டில் பகுதி என்று பொருள்படும் பார்ஷியலை விட்டுவிட்டு ஃபோகல் என்றது. ‘மூளைத்தாக்கு’ என்று தூய தமிழ் பேசுவோர் ஒன்று கவனிக்க வேண்டும்: அது பக்கவாதத்துக்குப் போய்விட்ட சொல்.

எனக்குச் சரியாகப் படுவது ‘ஓரிட வலிப்பு’. ஓரிடத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான். கையை இழுக்கிறதா, பேச்சை இழுக்கிறதா, நினைவை இழுக்கிறதா என்று வலிப்பு என்ற சொல் சொல்லவில்லை. முன்னால் ‘கால்-கை’யைச் சேர்த்ததும்தான் அதன் பொருள் சுருங்கிவிடுகிறது.

கட்டி மூளையில் நெற்றிப்பொட்டுப் பக்கத்து மடலில் (டெம்போரல் லோப்) இருந்தால் கை கால் அசையாமலே வலிப்பு வரலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அம்மா பாதியில் நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புக்கொட்டுவார், முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருப்பார். “என்னம்மா யோசனை?” என்றால் பதில் வராது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார், நடந்தது நினைவிருக்காது. வேறு சிலருக்கு இல்லாத கருகல் வாசனை வரும், அல்லது கட்டைவிரல் மட்டும் துடிக்கும். “வலிப்பு வந்ததா?” என்று டாக்டர் கேட்கும்போது, கால்-கை வலிப்பு என்றே படித்த மகள் “இல்லை டாக்டர்” என்றுதான் சொல்வாள். மாத்திரை அளவு மாறாது.

மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் அக்கறை காட்ட வேண்டும். கலைச்சொல்லை ஒருமுறை போட்டுவிட்டு, உடனே பார்க்கிற கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: வெறித்த பார்வை, நின்றுபோன பேச்சு, துடிக்கும் விரல். அப்புறம் செய்ய வேண்டியது: கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மயங்கிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் குறியுங்கள், முடிந்தால் கைபேசியில் படம்பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.