கற்பூரத்தில் ஆக்சிஜன் இல்லை

மாசி பிறந்தால் எங்கள் அவசரப் பிரிவில் மூங்கில் தடிகள் சேரத் தொடங்கும். கோவைக்குப் பக்கத்தில், ஏழு மலைகளை வரிசையாக ஏறிப் போகிற வெள்ளியங்கிரியின் அடிவாரத்தில் விற்கிற தடிகள். ஆளோடு ஆம்புலன்ஸில் ஏறி வந்துவிடும். யாராவது வாங்கி ஓரமாகச் சாத்தி வைப்பார்கள். போன வாரம் வந்த ஒரு தடியை எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை.

அவருக்கு வயது நாற்பதுகளின் நடுவில். ஏழு வருடமாகச் சர்க்கரை. நண்பர்களோடு இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கியிருக்கிறார். மூன்றாவது மலையிலேயே நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். "மேல ஆக்சிஜன் கம்மிங்ணா, அதான். இந்தக் கற்பூரத்த மோந்து பாருங்க, சரியாப் போயிரும்" என்று ஒருவர் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் வாய்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அப்புறம் இன்னும் ஒன்றரை மலை நடந்திருக்கிறார். அதற்குமேல் முடியாமல் டோலி. எங்களிடம் வந்து சேரும்போது காலை எட்டரை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்ததைப் பட்டியல் எழுதி வீட்டாரிடம் கொடுத்தோம்: கைபேசி, பணம், பாதி தீர்ந்த கற்பூர டப்பா.

அந்த டப்பாவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

கற்பூரத்தில் மூச்சுக்கு உதவுகிற ஆக்சிஜன் இல்லை. முகர்ந்தால் மூக்குக்குள் குளிர்ச்சியை உணர்கிற நரம்புகள் தூண்டப்படுகின்றன. அதனால் காற்று தாராளமாக உள்ளே போவதுபோல் ஒரு உணர்வு வருகிறது. உணர்வு மட்டும்தான். போகிற காற்றின் அளவு கூடுவதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளி ஏறுவதில்லை. ஆனால் "கொஞ்சம் பரவாயில்லை" என்று அவர் எழுந்து நடக்கிறார் பாருங்கள், அங்கேதான் கற்பூரம் ஆளைக் கொல்கிறது. உட்கார வேண்டியவரை எழுப்பி நடக்க வைக்கிறது. (குழந்தைகள் கையில் எட்டும்படி அந்த டப்பாவை வைக்காதீர்கள். விழுங்கினால் வலிப்பு வரும். அது தனிக் கதை, வருடத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம்.)

இப்போது சிலர் ஆக்சிஜன் கேன் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். மூச்சுவாங்க ஏறுகிற ஒரு மனிதர் நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். பத்து லிட்டர் கேன் அவருக்கு அரை நிமிடம்கூட வராது. கணக்கு அவ்வளவுதான்.

சரி, மேலே உண்மையிலேயே ஆக்சிஜன் குறைவா? வெள்ளியங்கிரியின் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே மக்கள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடுகிறார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் அங்கே காரில் போய், மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். யாருக்காவது கற்பூரம் தேவைப்பட்டதா? உயரத்தால் வருகிற மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். 1,800 மீட்டரில் காற்று சற்று மெலிந்துதான் இருக்கும், ஆரோக்கியமான உடம்பு அதைச் சமாளித்துவிடும். அந்த உயரத்தில் நெஞ்சு அடைத்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். அடைப்பு உங்கள் இதயக் குழாயில் இருக்கிறது. தரையில் இருக்கும்போதும் அங்கேயேதான் இருந்தது, நீங்கள் அதைக் கேள்வி கேட்கவில்லை. மலை கேட்டுவிட்டது.

மலை என்ன கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் இருக்கிற பூண்டியிலிருந்து உச்சிக்கு ஒரு வழி சுமார் ஆறு கிலோமீட்டர். "ஆறு கிலோமீட்டர்தானே, நான் டெய்லி ரேஸ்கோர்ஸ்ல ரெண்டு ரவுண்டு போறேன் டாக்டர்" என்று சொல்லாதவர் இல்லை. ரேஸ்கோர்ஸ் சமதரை. வெள்ளியங்கிரியில் 1,200 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் 400 மாடி. அதையும் தூங்க வேண்டிய நேரத்தில், இருட்டில், சமமில்லாத கல்படிகளில். அப்புறம் அத்தனையும் இறங்க வேண்டும். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்றாவது மாடிக்கு எப்படி ஏறினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எந்த மலை எனக்குச் சரி என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் சந்தோஷமாகச் சொல்வேன். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை: அறுபது படிகளை நிற்காமல் ஏறுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் இந்த வருடம் பெரிய மலை வேண்டாம். முடிந்தால் மருதமலைக்குப் போங்கள். பஸ்ஸில் இல்லை, படியில். எண்ணூற்றுச் சொச்சம் படிகள். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு மூன்று வாரம் அப்படி ஏறிய பிறகு சென்னிமலையின் 1,320 படிகள். மறுநாள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளியங்கிரி, பருவதமலை, சதுரகிரி எல்லாம். இல்லை, காட்டில் நடக்கத்தான் ஆசை என்றால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நாற்பது பாதைகள் இருக்கின்றன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள், வழிகாட்டியும் வருவார். "எளிது" என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆனால் அந்தப் பாதைகள் காட்டுத்தீக் காலத்தில் மூடப்படும். திட்டுவதற்கு முன்னால் குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். காய்ந்த புல்லில் தீ ஓடி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் மூடிய பாதையில் ஆள் வைத்துக் கூட்டிப்போகிறவர்களிடம் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். நம் ஊரில் இந்த இரண்டு மாதமும் இரட்டை வேடம் போடும். பகலில் வெயில் முதுகைச் சுடும், விடியற்காலையில் மலைமேல் காற்று எலும்பில் இறங்கும். உயரத்தால் மட்டுமே அடிவாரத்தைவிட எட்டு டிகிரி குறையும். காற்றடித்தால் இன்னும் குறைந்ததுபோல் இருக்கும். இதில் வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்குகிறார்கள். ஐந்து மணி நேரம் ஏறிய இதயத்துக்கு அதிகாலைக் குளிர்நீர் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டுமா? இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கை கால் முகம் கழுவிக்கொண்டு கும்பிடுங்கள். சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரதம் இருக்கிற சர்க்கரை நோயாளிகளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சிவராத்திரிக்குப் பட்டினி இருந்து, கிளிமிபிரைடு மாத்திரையும் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலினும் குத்திக்கொண்டு மலை ஏறாதீர்கள். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் இருட்டில் பக்கத்தில் போகிறவருக்கு நீங்கள் தூங்குகிறீர்களா, மயங்கிக் கிடக்கிறீர்களா என்றே தெரியாது. இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். வெறும் மூச்சுத்திணறல், வியர்வை, காரணமில்லாத அசதி. அதற்குத்தான் உங்கள் நண்பர் வாய்வு மாத்திரை கொடுப்பார்.

இளைஞர்களும் சிரித்துக்கொண்டு நகர வேண்டாம். இரண்டு நாள் தூங்காமல், முந்தின நாள் ராத்திரி பார்ட்டி முடித்து, எனர்ஜி டிரிங்க் குடித்து, வழியெல்லாம் சிகரெட் பிடித்து ஏறிய இருபத்தெட்டு வயதுக்காரர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஆகவில்லை என்றால் வயது என்னவாக இருந்தாலும் மலை வேண்டாம்.

ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ இடக் கையிலோ வலி, சில்லென்று வியர்வை, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள். மேலேயும் வேண்டாம், "மெதுவா இறங்கிரலாம்" என்று கீழேயும் வேண்டாம். கூட வந்தவர்கள் உடனே ஆளனுப்பி வனத்துறைக்குச் சொல்லுங்கள், சிக்னல் கிடைத்தால் 108. ஒவ்வாமையோ வயிற்றுப்புண் ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கக் கொடுக்கலாம். மாமாவுடைய நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள், அழுத்தம் இறங்கிப் போகும். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தங்கம். நான்காவது மலையில் விழுந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் டோலி வருவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். இதயக் குழாய் அடைப்பைத் திறக்கிற கேத் லேப் மேலே இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், "அவ்வளவு பேர் போறாங்களே" என்றுதான் பதில் வருகிறது. போகிறார்கள். திரும்பி வந்தவர்கள்தான் உங்களிடம் கதை சொல்கிறார்கள்.

கடைசியாக, மருத்துவச் சான்றிதழ். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, அழுத்தம், புகை, அப்பாவுக்குச் சின்ன வயதில் மாரடைப்பு, இதில் ஒன்றாவது உள்ளவர்கள், ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். படுக்க வைத்து எடுக்கிற இசிஜி நார்மல் என்றால் படுத்திருக்கும்போது நார்மல் என்று மட்டும்தான் பொருள். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கலாம், எக்கோ என்கிற இதய ஸ்கேன் தேவைப்படலாம், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்கெல்லாம் நாள் வேண்டும். வேனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மாலை அணிந்தபடி ஏழு மணிக்கு வந்து, "ஃபிட்னு ஒரு சைன் மட்டும் போடுங்க டாக்டர், பசங்க வெயிட் பண்றாங்க" என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். இந்த மாசியில் மட்டும் ஆறு பேருக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் பக்கத்துத் தெருவில் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.