மோரில் ஊறும் சுண்டைக்காய்

அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வற்றல் டப்பாவில் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் மதுரை வீட்டுக் கணக்கு. பங்குனி வெயில் தொடங்கியதும் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரிந்துவிடும். கொல்லையில் காய்த்த சுண்டைக்காய்க்குத்தான் முதலிடம்.

அம்மிக் குழவியால் ஒரு தட்டு. காய் வாய் பிளந்து விதை தெறிக்கும். தட்டாமல் காயவைத்தால் தடித்த தோல் ஈரத்தை வெளியே விடாது. பிளந்த காயை உப்பிட்ட புளித்த மோரில் போட்டதும், உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் லாக்டிக் அமிலம் உள்ளே இறங்குகிறது. இரவெல்லாம் மோர், பகலெல்லாம் வெயில். வெயிலில் தண்ணீர் மட்டுமே ஆவியாகும். உப்பும் அமிலமும் காயிலேயே தங்கி, மோர் வற்றும்வரை ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகும்.

காய்ந்த வற்றலிலும் கொஞ்சம் நீர் உண்டு. ஆனால் அது உப்போடும் நாரோடும் பிணைந்து கிடப்பதால் நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்காது. இதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை, 0.6க்குக் கீழே பூஞ்சைக்கும் வழியில்லை. கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன என்று பொருளல்ல, பட்டினி கிடக்கின்றன. ஈரக்கையை உள்ளே விட்டால் விழித்துக்கொள்ளும்.

காய்கறியைப் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்துச் சேமிக்கும் முறை இதற்கு நேர்மாறு. அங்கே நீர் நிறைய, காற்று இல்லை. கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா விரும்பும் இடம் அதுதான். அதன் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவங்கள், 100 டிகிரி கொதிநீரில் பிழைத்துக்கொள்ளும். அவற்றை அழிக்க அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி வெப்பம், பாட்டிலின் நடுப்பகுதிவரை எட்ட வேண்டும். புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் வித்து முளைக்காது. தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்பதால்தான் அதில் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்கச் சொல்கிறார்கள். வெண்டைக்காய்க்கும் பீன்ஸுக்கும் அந்தப் புளிப்பே கிடையாது. அவற்றைத் தண்ணீரில் வேகவைத்துப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். நஞ்சு ஊறியிருந்தாலும் மணமோ நிறமோ மாறாமல் இருக்கலாம்.

வற்றலுக்கு ஆபத்து, மேலே முறுகி உள்ளே ஈரம் நிற்பதுதான். கத்தரிக்காயைத் தடிமனாக நறுக்கினால் இப்படி ஆகும். அதனால் காய்ந்த வற்றலை முதல் வாரம் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி மட்டும் போட்டு, தினமும் குலுக்கிப் பார்ப்பேன். உட்புறம் ஆவி படிந்திருந்தால் அன்றே மாடிக்குக் கொண்டுபோய் வேட்டியில் கொட்டிவிடுவேன்.