ஆபரேஷன் முடிந்தது, அப்புறம்?

"நடப்பாருங்களா மேடம்?"

எங்கள் மறுவாழ்வு வார்டுக்கு வரும் குடும்பங்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணும் இதைத்தான் கேட்டார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் தென்னை மரம் ஏறுபவர். பிடித்த மட்டை கையோடு வந்துவிட்டது. முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, ஸ்குரூ வைத்து, 12-ஆம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. "வீட்டிலேயே பிசியோதெரபி கொடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டரை மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் எலும்பு தெரிந்தது. மூத்திர டியூப்பைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. "முதல்ல இந்தப் புண்ணை ஆற வைப்போம்மா" என்றேன். கேட்டது நடையைப் பற்றி, நான் சொன்னது புண்ணைப் பற்றி. அவர் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு ஆபரேஷன் உடைந்த எலும்பை நிலைநிறுத்துகிறது, அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை எடுக்கிறது. அவ்வளவுதான். அடிபட்ட தண்டுவடத்தை அது ஒட்டிக் கொடுப்பதில்லை. "ஆபரேஷன் சக்சஸ்" என்று கேட்ட குடும்பம், கால் தானாக வந்துவிடும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் கெடுகிறது.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. நல்ல திட்டம், உயிர்கள் பிழைக்கின்றன. என் கவலை 49-வது மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. உயிர் பிழைத்து, எலும்பும் நின்றபிறகு, அந்த உடம்போடு எப்படி வாழ்வது என்று யார் சொல்லிக்கொடுப்பது?

1940-களுக்கு முன்னால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். தண்டுவடக் காயம் நேராகக் கொல்லவில்லை. படுக்கைப்புண்ணும் மூத்திரத் தொற்றும்தான் கொன்றன. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் கட்மன் தொடங்கிய பிரிவில், இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். புது மருந்தைவிட இந்த ஒழுங்குதான் பல உயிர்களைக் காப்பாற்றியது. 80 வருடம் ஆகியும் என் வார்டில் அதே 2 மணி நேரக் கணக்குதான்.

நமக்கெல்லாம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் வலிக்கும், தானாக நகர்ந்துகொள்வோம். தூக்கத்தில்கூடப் புரள்வோம். உணர்ச்சி போன உடம்புக்கு அந்த எச்சரிக்கை வராது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிய சதைக்கு ரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே அது சாகத் தொடங்கிவிடும். வாட்டர் பெட் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் அதிலும் புண் வரும். வீல்சேரில் உட்கார்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முன்னால் நன்றாகக் குனியவோ வேண்டும். தினமும் காலையும் மாலையும் ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துத் தோலைப் பார்க்க வேண்டும். அந்த மரம் ஏறுபவரும் அப்படித்தான் தன் புண்ணை முதன்முதலாகப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. "இத்தன நாளா இதோடயா மேடம் படுத்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்று, ஒத்தடம். மரத்த காலுக்குச் சூடு கொடுத்தால் உணர்ச்சி வரும் என்று யாரோ சொல்ல, கொதிநீர் பாட்டிலைக் காலடியில் வைத்து, தோல் வெந்து கொப்புளத்தோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். செய்து தருவது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். திட்டவும் மனம் வராது.

மூத்திரத்துக்கு வருவோம். இதை எழுதக் கூச்சப்பட்டுப் பயனில்லை. டியூப்பை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் தொற்று, கல், சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரும். கை நன்றாக இருப்பவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே கதீட்டரை, அதாவது ஒரு மெல்லிய டியூப்பை, செலுத்தி மூத்திரத்தை வெளியேற்றி, உடனே எடுத்துவிடும் முறை. சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கையே போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டியதில்லை. ஒரு நோட்டில் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு வந்தது என்று எழுத வேண்டும். ஒரு தடவைக்கு 400, 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

மரம் ஏறுபவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளே செஞ்சுவிட்டுருவா" என்று மனைவியைக் காட்டினார். எங்கள் சிஸ்டர் ஒருவர் கெட்டிக்காரி. "ஏனுங்ண்ணா, அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போனா மூத்திரம் அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்குமா?" என்றார். அடுத்த நாள் காலை கைகழுவிக்கொண்டு அவரே தயாராக இருந்தார். மலம் கழிப்பதற்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டபின் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துத் தினமும் ஒரே வேளையில் உட்கார வைத்துப் பழக்குவோம். இது சரியாக அமைந்தால்தான் ஒருவர் பயமில்லாமல் பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போக முடியும்.

கழுத்திலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து கூடுதலாக இருக்கிறது. டியூப் அடைத்தாலோ மலம் கட்டினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறிய ஊர்களில் அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கே இது பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால், ஒரு சீட்டில் எழுதி லாமினேட் செய்து பர்ஸில் வைக்கச் சொல்கிறோம்.

சில மாதங்களில் கால் தானாக வெட்டி இழுக்கும். "கால் அசையுது மேடம்!" என்று வீடே கொண்டாடும். தசை இறுக்கம்தான் அது என்று சொல்ல வேண்டிய அந்த நிமிடம், இத்தனை வருடத்திலும் எனக்குப் பழகவில்லை.

மூளைக் காயம் தனிக் கதை. கையும் காலும் தேறியபிறகும் மறதி, கோபம், பேச்சுக் குழறல் என்று ஆளே மாறிப்போவார். "எங்க பையன் இப்படிக் கெட்ட வார்த்தை பேசவே மாட்டான்" என்று அழுவார்கள். அவன் பேசவில்லை, அடிபட்ட மூளை பேசுகிறது. அங்கே பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் எங்களைவிட முக்கியம்.

இதையெல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்கு வந்துபோய்க் கற்க முடியாது. உள்நோயாளியாகப் பல வாரங்கள் தங்கவேண்டும், வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்கவேண்டும். இது நமக்குப் புதிதுமல்ல. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966-ல் அவர் முயற்சியில் எழுந்ததுதான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்தில் அடிபட்டவர். சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம், டிஸ்சார்ஜுக்கு முன்பே, "மறுவாழ்வு வார்டுக்கு எழுதிக்கொடுங்க" என்று கேளுங்கள். அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த மரம் ஏறுபவர் கதைக்கு வருகிறேன். புண் ஆறவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒழுங்காக வந்திருந்தால் அதற்குள் பயிற்சியே முடிந்திருக்கும். பிறகு கைக்குப் பலம், கட்டிலிலிருந்து வீல்சேருக்குப் பலகை போட்டு நகர்வது, கீழே விழுந்தால் ஏறுவது. வீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். கழிவறை வாசல் 22 அங்குலம், வீல்சேர் 25. கொத்தனார் மச்சான் ஒருவர் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சுவரை உடைத்து நிலையை மாற்றிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். மனைவி கைகொடுப்பதற்குள் ஆட்டோவிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறிவிட்டாராம். தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். முதுகுத் தோல் சுத்தமாக இருந்தது. வலது தொடையில் மட்டும் வட்டமாக ஒரு தீக்காயம். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்ததால், சூடான டீ டம்ளரைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றியிருக்கிறார்.

எவ்வளவோ சொல்லிக்கொடுத்தோம், டீ டம்ளரைச் சொல்ல மறந்துவிட்டோம். இப்போது எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் அதுவும் ஒரு வரி.